வீங்கிய காலும் இரத்த நோயும்
(பங்கு விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள். வலை இழுக்கவும் மீன் விற்கவும் மட்டுமே தெரிந்த கணவனும் மனைவியும். ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு கால் வீங்கியதால் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால், காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் உள்ள இன்னொரு குடும்பமாவது பிழைத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் வற்புறுத்தியதால் வந்து நிற்கிறோம். கால் எங்களில் ஒருவருடையதுதான். ஆனால் அந்த நோயை இருவரும் சேர்ந்தே சுமந்தோம். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

முதலில் வந்தது கால்வீக்கமன்று. ஓயாத தலைவலி, முகச் சிவப்பு, குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் தாங்கமுடியாத நமைச்சல். உப்புத் தண்ணீரில் கிடப்பவனுக்கு நமைச்சல் வராமல் என்ன செய்யும் என்று இரண்டு வருடம் எண்ணெய் தேய்த்தே ஓட்டினோம். பிறகு ஒரு காய்ச்சலுக்காக இரத்தம் சோதித்தபோது, இரத்தம் குறைவாக இல்லை, அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்றார்கள். நம் ஊரில் சோகை என்றால் எல்லோருக்கும் தெரியும். இரத்தம் மிகுந்துபோவதும் ஒரு வியாதி என்று அன்றுதான் அறிந்தோம்.

சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே நோயின் பெயர் பாலிசைத்தீமியா வேரா என்றார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. அதனால் இரத்தம் தடித்து, குழாய்களில் உறைந்துபோகும் அபாயம் உண்டு. 1892-இல் வாக்கேஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் இதை முதலில் விவரித்தார். இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஜாக் 2 என்னும் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது 2005-இல் கண்டறியப்பட்டது. இரத்தப் புற்று வகையில் இதைச் சேர்த்தாலும், மெதுவாக நடக்கும் நோய் இது. ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் பல்லாண்டு வாழலாம். ஒருவரைத் தொட்டால் இன்னொருவருக்கு ஒட்டாது.

வைத்தியம் என்னவென்றால், கையிலிருந்து இரத்தத்தை அவ்வப்போது எடுத்துவிடுவது, சிறு அளவில் ஆஸ்பிரின், சிலருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 45-க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது கணக்கு. இத்தாலியில் 365 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2013-இல் வெளியானது. அந்த அளவுக்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட, சற்றுத் தளர விட்டவர்களுக்கு இரத்த உறைவும் இருதய மரணமும் ஏறத்தாழ நான்கு மடங்கு நேர்ந்தன. இதையெல்லாம் டாக்டர் அன்றைக்கே பொறுமையாகச் சொன்னார். நாங்கள்தான் உடம்பு தேறியதும் இரண்டு தடவை போகாமல் விட்டோம். ஏரியில் எங்களுக்குப் பாட்டு முறை வந்திருந்தது. முறையை விட்டால் அந்தச் சுற்றுக்கு வருமானம் போய்விடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. மூன்று நாள் பாயில் கிடந்தும் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் பார்த்தால் இடது கெண்டைக்கால் வீங்கி, இறுகி, சூடாக இருந்தது. வலது கால் எப்போதும்போல் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "இது யானைக்கால்பா, பயப்படாதே" என்றார். அன்பினால்தான் சொன்னார். பற்றுப் போட்டோம். ஓர் உறவினர் விளக்கெண்ணெய் விட்டு நன்றாக உருவிவிட்டார். வழியில் ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரையும் வாங்கினோம். இரண்டு நாள் சென்று நெஞ்சில் குத்தலும் மூச்சு வாங்கலும் வந்தன. 108-ஐக் கூப்பிட்டு மீஞ்சூர் வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனோம். காலின் உள்நரம்பில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அதில் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். "யார் இந்தக் காலை உருவியது?" என்று டாக்டர் கேட்டபோது எங்களால் தலைநிமிர முடியவில்லை. உயிர் தப்பியது கடவுள் கிருபை.

ஆகவே அன்பர்களே, எங்கள் அனுபவத்தில் கண்ட ஒரே பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். வீங்கிய காலுக்குப் பெயர் வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு காலா, இரு காலா? திடீரென்றா, மெதுவாகவா? வலியும் சூடும் உண்டா?

யானைக்கால் ஓரிரவில் வருவதில்லை. கொசு கொண்டுவரும் நுண்புழு நிணநீர்க் குழாய்களை அடைத்து, பல ஆண்டுகளில் காலைப் பெருக்க வைக்கிறது. 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் மனித இரத்தத்தில் அந்தப் புழுக் குஞ்சுகளைக் கண்டார். அவை இரவில்தான் மேல் இரத்தத்துக்கு வரும் என்பதால்தான் சுகாதாரத் துறையினர் இரவு வேளையில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். இரு காலும் மெல்ல மெல்ல வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தால், அது கடும் சோகையாக இருக்கலாம், இருதயமோ சிறுநீரகமோ ஈரலோ காரணமாக இருக்கலாம், இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் வரலாம். ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கி வலித்தால், அதுவும் இரத்த நோய் உள்ளவருக்கு வந்தால், வேறு எதுவும் யோசிக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். உருவக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இனி, தினசரி எப்படிச் சமாளிக்கிறோம் என்பதைச் சொல்கிறோம். உறைவு கரைந்தாலும் கால் பழைய காலாகவில்லை. மாலையானால் கனக்கும். உள்நரம்பின் அடைப்பிதழ்கள் கெட்டுப்போனதால் இது இருந்துகொண்டேதான் இருக்கும் என்றார்கள்.

காலையில் பாயைவிட்டு எழுமுன் வலைக் கயிற்றுத் துண்டால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து முடிச்சுப் போடுகிறோம். அளக்கும் இடத்தைப் பேனாவால் குறித்திருக்கிறோம். முடிச்சு திடீரென்று விலகினால் டாக்டரிடம் போகிறோம். இரண்டு காலுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் டாக்டர்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வைக்கிறோம். உட்கார்ந்து வலை முடையும்போது காலைத் தொங்கவிடாமல் பெட்டிமேல் நீட்டி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொள்கிறோம். கருவாடும் ஊறுகாயும் அளவோடுதான். வெயிலில் போனால் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போவதில்லை. உடம்பில் நீர் குறைந்தால் தடித்த இரத்தம் இன்னும் தடிக்கும். இருதயமோ சிறுநீரகமோ கெட்டவர்கள் மட்டும் தண்ணீரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இறுக்கமான காலுறையைக் கடையில் பார்த்து வாங்காதீர்கள். காலில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் போடவேண்டும்.

இரவில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமில்லாமல் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறோம். சிப்பி கிழித்ததோ, கெளுத்தி முள் குத்தியதோ நமக்கெல்லாம் பெரிய விஷயமன்று. வீங்கிய காலில் அது சீழ் பிடித்துவிடும். ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்காலில் ஆறாத புண்ணும் வருவதுண்டு. யானைக்கால் உள்ளவர்களுக்கும் இந்தக் கழுவும் முறைதான் பெரிய துணை.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கவே கூடாது. பல் பிடுங்கப் போனாலும் மருந்துச் சீட்டைக் காட்டவேண்டும். நன்றாயிருக்கிறது என்று மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அந்தத் தவற்றுக்கு நாங்களே சாட்சி.

கடைசியாக, சொல்லக் கூச்சமான ஒன்று. "யானைக்கால் குடும்பம்" என்ற பேச்சு ஊரில் பரவி, எங்கள் மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. அது யானைக்கால் இல்லை என்று வீடு வீடாகச் சொல்ல நினைத்தோம். பிறகுதான் எங்கள் நினைப்பும் தவறென்று பட்டது. யானைக்காலாகவே இருந்தாலென்ன? அது தொட்டால் ஒட்டுவதுமில்லை, தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் பிறவியில் வருவதுமில்லை. அந்தக் காலோடு மீன் கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கி எங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்று எங்கள் பாட்டு முறைக்கு மகன் போகிறான். முதல் சில மாதங்கள் அவனுக்குப் பழக்கமில்லாதபோது அடுத்த வலைக்காரர்கள் கூடவே நின்று பழக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூட வருவதற்கு ஆள் இருந்தது. நாங்கள் தேறியதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கோ, அந்தத் துணைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஆகவே உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது இதுதான். பக்கத்து வீட்டில் ஒரு கால் வீங்கினால் பெயர் வைக்காதீர்கள், எண்ணெய் எடுக்காதீர்கள். அந்த மூன்று கேள்வியைக் கேட்டு, வண்டிக்குச் சொல்லி, கூடப் போங்கள்.