தீர்மானப் புத்தகத்தின் தமிழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் உரையாற்றுமாறு பணித்தபோது, சங்க இலக்கியம் குறித்தோ புதுக்கவிதை குறித்தோ பேசுவேன் எனத் தாங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ உள்ளாட்சி மன்றங்களின் தீர்மானப் புத்தகம். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வாரச்சந்தைக் குத்தகை ஆகியவற்றுக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்னும் வினா எழுவது இயல்பே. மன்றத்தின் அன்றாடப் பணி முழுவதும் சொல்லால் நடைபெறுகிறது என்பதே என் விடை. விளக்கு வேண்டும் எனத் தீர்மானம் எழுதப்பட்டால்தான் கம்பம் நடப்படும். எழுதப்படாத தெரு இருளிலேயே கிடக்கும். சொல்லுக்கு இத்துணை நேரடியான வலிமை வாய்த்த இடங்கள் சிலவே. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் அவ்விடத்தை எட்டிப் பாராமல் இருத்தல் தகுமா என்பதே இன்று நான் தங்கள்முன் வைக்கும் வினா.

குடமும் ஓலையும்

நம் முன்னோர் இத்துறையை இலக்கியத்திற்குப் புறம்பானதாகக் கருதவில்லை. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், பாலை வழியில் இறந்துபட்ட வீரரின் குடரைப் பருந்துகள் பற்றி இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலைகளை எடுக்கும் செயலை உவமையாக்குகிறார். காதலனின் பிரிவைப் பேசும் அகப்பாடலில் ஊராட்சித் தேர்தல் உவமையாக வருகிறது. கேட்போர் யாவரும் அறிந்த காட்சியாக அது இருந்தமையால்தான் புலவர் அதனைத் தயங்காமல் கையாண்டார்.

பிற்காலத்தில், முதற் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அத்தேர்தலின் விதிகளை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள், ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர், அகவை 35க்கு மேல், 70க்குள், சொந்த மனையில் வீடு என அவ்விதிகள் அமைகின்றன. அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்னும் விதி. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விதி நம்மை நாணச் செய்கிறது.

எனினும் பழம்பெருமை பேசி அமைந்துவிடுதல் ஆய்வுக்கு அழகன்று. அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்த அக்குடத்துள் உழுதவன் பெயரோ பெண்ணின் பெயரோ விழ இடமிருந்ததில்லை. தமிழகத்தின் உள்ளாட்சி இடங்களுள் பாதி மகளிர்க்கு என்னும் சட்டத் திருத்தம் 2016இல்தான் வந்தது. குடம் பழையது, ஓலையில் எழுதப்படும் பெயர்கள் புதியவை.

எல்லையூரின் சொற்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். 'ஹொச ஊரு' என்றால் கன்னடத்தில் புதிய ஊர். ஓசூர் அப்பெயருக்கு ஏற்பப் பலமுறை புதிதாகிவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் வந்தன. 2001இல் 84 ஆயிரம் அளவில் இருந்த நகர மக்கள்தொகை 2011இல் 1,16,821 ஆயிற்று. அதே 2011இல் மத்திகிரிப் பேரூராட்சியும் சூசூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும் நகராட்சியோடு இணைந்தன.

இணைப்பு என்பது மெல்லிய சொல். அன்றைய ஊரக வேலைத் திட்டம் ஊரகத்திற்கு மட்டுமே உரியது. கிராம சபையும் அவ்வாறே. எனவே அவ்வூர்களின் எளிய மக்கள் ஒரே ஆணையால் நகரத்தார் ஆனபோது, வேலை கேட்கும் உரிமையும் மரத்தடியில் கூடிக் கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களை விட்டு நீங்கின. 'இணைப்பு' என்னும் சொல்லுள் இவ்விழப்பு ஒலிப்பதில்லை. ஒலிக்கச் செய்வது யார் கடமை?

நம் மன்றங்களின் மொழி தனி ஆய்வுக்குரியது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் உறுப்பினர், தெருவில் அம்மொழியிலேயே குறை கேட்டு, மன்றத்தில் தமிழில் எடுத்துரைக்கிறார். பேருந்து நிலையக் கடைகள் ஏலம் விடப்படுகின்றன. 'ஏலம்' போர்த்துகீசியம் தந்த சொல். வேலையை ஏற்கும் 'மேஸ்திரி'யும் அங்கிருந்து வந்தவரே. வருவாய்த் துறையின் 'ஜமாபந்தி' பாரசீக வழியது. தூய தமிழில் ஆர்வமுடைய எனக்கும் இச்சொற்கள்மீது சினம் எழுவதில்லை. மக்கள் புரிந்துகொள்ளும் சொல் மக்களுடையது.

ஆயினும் புரியாத சொல் ஆட்சியில் இருத்தல் கூடாது என்பதற்காக உழைத்தவர்களை நினைவுகூர்தல் நம் கடன். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலகத்துள் கொணர்ந்தது. நகராட்சி ஆணையராகப் பணிபுரிந்த கீ. இராமலிங்கனார், ஆட்சித் தமிழுக்குச் சொல் தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். கவிஞர் பெயர்களை அடுக்கிச் சொல்லும் நம் மாணவர்க்கு அவர் பெயர் தெரியாது. நம் தொரப்பள்ளியில் பிறந்த இராசாசி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய உரைநடையில் தந்த அதே கைதான் நகராட்சிக் கோப்பிலும் கையெழுத்திட்டது. எழுத்துக்கும் நகர்மன்றத்துக்கும் இருந்த உறவு புதியதன்று.

எழுவாய் எங்கே?

மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். வரிசை எண், பொருள், அலுவலகக் குறிப்பு, தீர்மானம் என அது அமையும். முடிவுகள் பெரும்பாலும் நான்கு வினைமுற்றுகளுக்குள் அடங்கும்: தீர்மானிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது, பதிவு செய்யப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது. நான்கும் செயப்பாட்டு வினைகள். எழுவாய் இல்லை. யார் தீர்மானித்தார்? யார் மறுத்தார்? எக்காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது?

மன்றம் ஓருடலாக நின்று முடிவெடுக்கிறது. ஆதலின் தனியொருவர் பெயர் வேண்டுவதில்லை என்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் நம் மாவட்டத்து நடுகற்களை எண்ணிப் பாருங்கள். எழுத்துப் பொறித்த நடுகல்லில் எந்த அரசன் ஆட்சியில், எந்த ஆநிரைக்காக, யார் பட்டார் என்னும் செய்தி சில வரிகளுள் நிற்கிறது. ஊரார் நட்ட கல்லில் எழுவாய் இருக்கிறது. ஊராரின் மன்றப் புத்தகத்தில் அது இல்லை.

இக்குறை மகளிர் உறுப்பினரையே மிகுதியும் தாக்குகிறது. பல ஊர்களில் மனைவி உறுப்பினர், பேசுபவர் கணவர். நடவடிக்கைக் குறிப்பில் இருப்பதோ மனைவியின் கையொப்பம். மாறாக, எழுந்து நின்று தன் வார்டின் கால்வாய்க்காக வாதாடிய பெண்ணின் பேச்சும் 'விவாதத்திற்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது' என்பதனுள் மறைந்துவிடும். பேசாதவளும் பேசியவளும் ஏட்டில் ஒன்றாகிவிடுகின்றனர். இது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று.

ஒரு சொல் மாறினால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயர் 2020இல் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்று. கையுறையும் நிலையான ஊதியமும் சேர்ந்து வந்தால்தான் அப்பெயர் பொருளுடையதாகும். சொல்லை மட்டும் கொடுத்துப் பொருளை ஒத்திவைப்பதைக் கவிஞர்கள் கண்டுகொள்ள வேண்டும்.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அம்மாதமே மன்றங்களின் காலமும் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நகரங்களை ஆண்டனர். ஓசூர் நகராட்சி 2019இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டதும் இவ்விடைவெளியில்தான். ஊரின் வரலாற்றில் அத்துணைப் பெரிய மாற்றம் நிகழ்ந்தபோது, அதனை வரவேற்கவோ வினவவோ தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

அக்காலத்திலும் குப்பை அள்ளப்பட்டது, வரி தண்டப்பட்டது. 'பின் என்ன குறை?' எனச் சிலர் கேட்டனர். தீர்மானப் புத்தகத்தில் அலுவலரின் கையொப்பம் மட்டும் இருந்தது, கேள்வி இல்லை. கேள்வி இல்லாத ஊர் அமைதியான ஊர் போலத் தோன்றும். அவ்வாண்டுகளைக் குறித்து நம் வட்டாரத்தில் எழுதப்பட்ட கவிதை ஒன்றையேனும் நான் கண்டிலேன். காதலின் பிரிவை ஆயிரம் முறை பாடிய நாம், மன்றத்தின் பிரிவை ஒருமுறையும் பாடவில்லை.

செய்யத்தக்கன

முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, தந்தை இறந்தபின் வீட்டு வரியில் தாயின் பெயரை ஏற்ற விண்ணப்பம் எழுதத் தெரியாமல், அலுவலக வாயிலில் இருந்த மனு எழுதுபவருக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கினாள். ஐந்திலக்கணமும் கற்றவளுக்கு ஒரு பக்க விண்ணப்பம் அயல்மொழியாக இருந்தது. அவள் குறையன்று இது. மொழியைப் பயன்பாட்டிலிருந்து பிரித்துவிட்ட நம் கல்வியின் குறை. மனு எழுதும் முதியவரிடம் இருந்தது நாம் கற்பிக்காத தமிழ்.

ஆதலின் இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, திங்கள்தோறும் ஒரு பிற்பகலை விண்ணப்பம் எழுதித் தருவதற்கு ஒதுக்குங்கள். வேற்று மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்து வாடகை அறைகளில் வாழ்வோர்க்கும் அது பயன்படட்டும். குழந்தையின் பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பதை அவர்க்கு அவர்தம் மொழியில் சொல்வாரில்லை. இரண்டாவது, நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் 2022 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அச்சபை கூடும்போதெல்லாம் கவிஞர் ஒருவரேனும் சென்று அமருங்கள். யார் பேசினார், என்ன பேசினார் என எழுவாயோடு எழுதி வையுங்கள். மூன்றாவது, பழைய பேரூராட்சிகளின் தீர்மான ஏடுகள் கரையான் வாய்ப்படுமுன் அவற்றைப் படியெடுக்க முறைப்படி இசைவு கேளுங்கள். இவ்வூர் எப்போது முதல் குழாய் நீர் குடித்தது, எந்தத் தெருவுக்கு விளக்கு இறுதியாக வந்தது என்பன அங்கேதான் உள்ளன. எந்தத் தெரு இறுதியானது என்பது ஊரின் சாதி வரலாறும் ஆகும்.

கவிதையைத் துறந்து மனு எழுதுங்கள் என்று நான் கூறவில்லை. ஊரின் சொற்கள் எங்கே எழுதப்படுகின்றனவோ அங்கே கவிஞரின் காதும் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். பத்தாண்டுகள் இடையறாது கூடிய இவ்வட்டமும் ஒரு மன்றமே. இதற்கும் ஒரு குறிப்பேடு உண்டு. இன்றைய கூட்டத்தின் குறிப்பில், என் வேண்டுகோள்கள் ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும், ஏற்றவர் பெயரும் மறுத்தவர் பெயரும் இடம்பெறுமாறு கேட்டு அமைகிறேன்.