மெட்டு ஒன்று, மனம் நான்கு



1999ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வைமர் நகரில், டேனியல் பேரன்பாயிமும் எட்வர்ட் சயீதும் இஸ்ரேலிய, அரபு இளைஞர்களை ஒரே இசைக்குழுவில் அமர்த்தினர். கதேயின் கவிதை நூலைத் தழுவி, 'மேற்கு-கிழக்கு திவான்' என்று அக்குழுவுக்குப் பெயரிட்டனர். சயீத் 2003இல் மறைந்தார். 2009 ஆகஸ்டில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், ஓப்பராப் பாடகர்களுடன் இணைந்து அக்குழு 'ஃபிடேலியோ'வை இசைத்தது. பீத்தோவன் இயற்றிய ஒரே ஓப்பரா அது. அநீதியாகச் சிறைப்பட்ட கணவனை மீட்க, லியோனோரா ஆண்வேடம் பூண்டு அச்சிறையிலேயே பணியேற்கும் கதை.

அதன் முதல் அங்கத்தில் நால்வர் பாடும் பாட்டு ஒன்று உண்டு. வயோலாவும் செல்லோவும் மெல்லத் தொடங்க, ஒருவர்பின் ஒருவராக நால்வரும் ஒரே மெட்டை எடுக்கின்றனர். லியோனோராவை ஆண் என்றே நம்பிய காவலன் மகளுக்கு அது காதல், லியோனோராவுக்கு அச்சம், காவலனுக்கு மகிழ்ச்சி, அம்மகளை விரும்பிய இளைஞனுக்குப் பொறாமை. எவரும் தம் மனத்தை மாற்றிக்கொள்வதில்லை. எனினும் பாட்டு குலைவதில்லை. ஒருவர் குரலுக்கு மற்றவர் செவிகொடுப்பதே காரணம்.

வாத்தியம் ஏந்திய அவ்விளைஞர்களின் நாடுகளுக்கிடையே பகை தீரவில்லை. அவர்கள் இசைத்ததால் எந்தப் போரும் நின்றுவிடவில்லை. ஆயினும் பாடகர் குரல் எழும் இடத்தில் தம் ஒலியைத் தணிக்க அனைவரும் ஒருங்கே கற்றிருந்தனர். கருத்து வேறுபடும் கவிஞர்கள் கூடி அமரும் எந்த வட்டத்தையும் தாங்கி நிற்பது அந்தச் செவிதான்.