கொழுப்படுக்கின் லிம்போமாவும் 1980-ஆம் ஆண்டுக் கட்டுரையும்



  தோல் லிம்போமாக்களைப் பற்றி, என் தலைமையில் கூடும் இக்கருத்தரங்கில் மைக்கோஸிஸ் ஃபங்காய்டிஸையும் செஸரி நோயையும் பின்னர் பேசுவோர் செவ்வனே விரிப்பார்களாதலால், நெடுநாளாக என் சிந்தையை விட்டகலாத ஒரு வியாதிக்கே வந்துவிடுகிறேன்: பானிகுலைட்டிஸ் போலத் தோன்றும், தோலடிக் கொழுப்பின் டி செல் லிம்போமா.

கைகால்களிலும் உடலிலும் கட்டிகள், விட்டுவிட்டு ஜுரம், சில சமயம் இரத்த அணுக்களின் குறைவு. நம் தேசத்தில் இவை முதலில் காசநோயின் கணக்கிலோ லூப்பஸின் கணக்கிலோ எழுதப்பட்டுவிடுகின்றன. ஆழமாக அறுத்தெடுத்த திசுவில், கொழுப்பணு ஒவ்வொன்றையும் மணிமாலைபோல் சூழ்ந்து நிற்கும் சி.டி. 8 நிணவணுக்களை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள்.

என் வாதம் அவற்றின் அருகே கிடக்கும் மாக்ரோஃபேஜ்களைப் பற்றியது. 1980-இல் விங்கல்மன், போவி என்னும் இருவரும், சிவப்பணுக்களை விழுங்கிய ஹிஸ்டியோசைட்டுகள் என்னும் மாக்ரோஃபேஜ்கள் நிறைந்த ஒரு கொழுப்பழற்சியையும், அதனால் விளையும் இரத்தப்போக்கையும் விவரித்தார்கள். 1991-இல் கொன்சாலஸ் முதலானோர் லிம்போமாவைத் தனி நோயாக ஸ்தாபித்த பிறகு, முந்தைய கட்டுரை பழங்காலத்துப் பிழையெனத் தள்ளப்பட்டது. அந்த மாக்ரோஃபேஜ்கள் வெறும் பார்வையாளர்களே என்று, நான் மிகவும் மதிக்கும் ஒரு நண்பர் முன்பொரு சபையில் எனக்கு மறுமொழி கூறினார். அவருடைய நுண்ணோக்கித் திறனில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, அவர் முடிவில்தான் சம்மதமில்லை.

2018-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, இந்நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் எச்.ஏ.வி.சி.ஆர்.2 மரபணுவில் பிறவியிலேயே அமைந்த பழுதைக் காட்டியது. அப்பழுதினால் டிம்-3 என்னும் புரதம் சரியாக மடிப்புறாமல் அணுவின் மேற்பரப்பை அடையத் தவறுகிறது. நோயெதிர்ப்பை அடக்கவேண்டிய கடிவாளம் அறுந்து, டி செல்களும் மாக்ரோஃபேஜ்களும் ஒருங்கே கிளர்ந்தெழுகின்றன. அப்படியானால், விங்கல்மனும் போவியும் கண்டது நோயின் நிழலையன்று, அதன் அங்கத்தையே.

இது வெறும் சரித்திர விவாதமன்று. வில்லெம்சே குழுவினர் 2008-இல் ஆராய்ந்த 83 நோயாளிகளுள், டி செல் ஏற்பியின்படி ஆல்பா-பீட்டா வகையினர் 63 பேர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு அவர்களிடம் 82 விழுக்காடு, காமா-டெல்டா வகையினரிடமோ 11 விழுக்காடே. ஆல்பா-பீட்டா வகையினருள்ளும், இரத்த அணுக்களை விழுங்கும் உபத்திரவம் சேராதோர் 91 விழுக்காடும் சேர்ந்தோர் 46 விழுக்காடும் பிழைத்தனர். ஆயுளை நிர்ணயிப்பதில் அந்த விழுங்கணுக்களுக்கு இவ்வளவு பங்கிருக்க, அறிக்கையில் அவற்றுக்கு ஒரு வரியேனும் ஒதுக்காதிருப்பது எந்த நியாயம்?

மருந்தின் விஷயமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. லிம்போமா என்ற சொல்லைக் கேட்டவுடன் பல மருந்துக் கீமோதெரபியைத் தொடங்கும் வழக்கத்தை, காமா-டெல்டா வகைக்கு நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஆல்பா-பீட்டா வகையென உறுதிப்பட்டு, உபத்திரவமும் இல்லாத ஓர் இளம்பெண்ணுக்கு, ஸ்டீராய்டையும் சைக்ளோஸ்போரினையும் முதலில் பரீட்சிக்காமல் அவ்வழியை ஏற்பதை வன்மையாக மறுக்கிறேன். பிற்பகல் அமர்வில் சிகிச்சையைப் பற்றிப் பேச இருப்போர் இவ்வொரு கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு, எனக்கு மாறான அபிப்பிராயம் இருப்பின் அதைச் சான்றுகளோடு சபையின் முன் வைக்கவேண்டுமெனக் கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.