ஊழியர் கையிற் பங்கு

வயலிலே உழைப்பவன் இருவகையாகப் பயன் பெறலாம். பொழுது சாயும் வேளையிற் கூலியை வாங்கி மடியிற் கட்டிக்கொண்டு போவது ஒரு வகை. வாரத்துக்கு விதைத்து, சூடு மிதித்தபின் களத்திலே நெல்லைப் பங்கிட்டுக்கொள்வது மற்றொரு வகை. கூலிக்காரனுக்கு விளைவு பொய்த்தாலும் அன்றன்றைய கூலி உண்டு. விளைவு இரட்டித்தாலும் அவன் கூலி இரட்டிப்பதில்லை. வாரக்காரனோ நள்ளிரவில் மழை பெய்தாலும் எழுந்துபோய் வரம்பைப் பார்ப்பான்; வெள்ளம் வந்தால் நிலக்காரனோடு சேர்ந்து தானும் இழப்பான். இவ்விரண்டின் குணமும் குற்றமும் உழவர் நன்கு அறிந்தவையே.

நேயர்களே, இக்காலக் கம்பனிகள் தம் ஊழியருக்குச் சம்பளத்தோடு பங்கும் கொடுக்கும் வழக்கம் அடிப்படையில் இந்த வாரமுறையே ஆகும். வேறுபாடு ஒன்று உண்டு. களத்து நெல்லைக் கண்ணாற் கண்டு மரைக்காலால் அளக்கலாம். கம்பனிப் பங்கோ கடதாசியில் எழுதிய ஓர் உரிமை. அதன் பெறுமதி நாளுக்கு நாள் மாறுவது. ஆதலின் அதனைக் கொடுப்பவரும் பெறுபவரும் அதன் இயல்பைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே இம்முறைக்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் லூயிஸ் கெல்சோ என்னும் சட்டவறிஞர். இயந்திரங்கள் பெருகப் பெருக வருமானம் முதலுடையவர் பக்கமே சாயும். ஆகவே உழைப்பவனும் முதலில் ஒரு பகுதிக்கு உரியவனாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1956 ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிலே செய்தித்தாள் நடத்திவந்த பெனின்சுலா என்னும் கம்பனியின் உரிமையாளர் விலக எண்ணியபோது, ஊழியரே அதனை வாங்குவதற்குக் கெல்சோ வழி வகுத்தார். ஊழியரிடம் அத்தனை பணம் ஏது? அதற்காக அவர் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை அமைத்தார். அத்தகைய நிதியம் ஊழியர் சார்பிற் பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குரிய பணம் கம்பனி உழைக்கும் இலாபத்திலிருந்து செலுத்தப்படும். ஊழியன் விலகும்போது தன் கணக்கிற் சேர்ந்த பங்கையோ அதன் பெறுமதியையோ பெற்றுக்கொள்வான். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமும் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

இதனினும் வேறானது பங்குத் தெரிவுரிமை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு கம்பனியின் பங்கு இன்று 100 ரூபா விலை போகிறது. அக்கம்பனி தன் ஊழியன் ஒருவனுக்கு, வருங்காலத்தில் 1,000 பங்குகளை இதே 100 ரூபா விலைக்கு வாங்கும் உரிமையை அளிக்கிறது. ஆனால் அவ்வுரிமை உடனே முழுவதும் கைவசமாகாது. ஆண்டொன்றுக்குக் காற்பங்காக நான்கு ஆண்டுகளில் முதிரும். நான்காம் ஆண்டின் முடிவிற் பங்கின் விலை 180 ரூபாவானால், அவன் 100 ரூபா வீதம் கொடுத்து வாங்கி, 80,000 ரூபா ஊதியம் காணலாம். விலை 70 ரூபாவாக இறங்கிவிட்டாலோ வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவ்வுரிமை வெறுங் கடதாசியாகிவிடும். இடையில் வேலையை விட்டு நீங்குபவன் முதிராத பகுதியை இழப்பான். ஊழியன் நிலைத்திருக்கவும், கம்பனி செழிக்க உழைக்கவும் இது தூண்டுகோலாகிறது. இந்தியாவில் 1981 ஆம் ஆண்டில் ஏழு பொறியியலாளர் தொடங்கிய இன்போசிஸ் கம்பனி, 1990 களில் ஊழியருக்குப் பங்கு வழங்கியதனாற் பலர் செல்வராயினர்.

இது கேட்டற்கு இனியதே. எனினும் புதிதாக எழுதும் ஒவ்வொரு பங்கும் பழைய பங்குடையவரின் உரிமையைச் சிறிது குறைக்கும் என்பதை மறத்தலாகாது. 100 பங்குகளில் 10 உடையவன் பத்திலொன்றுக்கு உரியவன். ஊழியருக்கென மேலும் 25 பங்குகள் எழுதப்பட்டால் அவன் உரிமை நூற்றுக்கு எட்டாகக் குறையும். பாலிலே நீர் வார்த்தாற் குடம் நிறையும்; பால் கூடுவதில்லை. முன்னாளிற் கம்பனிகள் பல இத்தெரிவுரிமைகளைச் செலவாகக் கணக்கிற் காட்டாமலே விட்டன. 2004 ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச நியமம் இவற்றையும் சம்பளத்தைப் போலச் செலவென்றே காட்டவேண்டும் என விதித்தது.

உயர் நிருவாகிகளின் கதை தனியானது. பங்கின் விலை உயர்ந்தாற் பங்குடையவர் நன்மையும் நிருவாகி நன்மையும் ஒன்றாகும் என்பதே அவர்களுக்குப் பங்கு கொடுப்பதன் நோக்கம். 1993 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம், உயர் நிருவாகி ஒருவரின் சம்பளத்திற் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பகுதியை வரிக்கணக்கிற் கழித்துக்கொள்ள இயலாது என்று தடுத்தது. செயற்றிறனோடு இணைந்த ஊதியத்துக்கு மட்டும் விலக்களித்தது. பெருஞ் சம்பளத்தைக் குறைக்க எண்ணி அடைத்த வாசலுக்கு அருகே தெரிவுரிமை என்னும் வாசல் அகலத் திறந்துகொண்டது. சில கம்பனிகள் விலை தாழ்ந்திருந்த பழைய நாளொன்றைத் தேர்ந்து, அன்றே உரிமை வழங்கியது போலப் பத்திரத்தில் முன் திகதியிட்டன. இவ்வழக்கம் 2006 ஆம் ஆண்டிற் பெரிதும் அம்பலமாயிற்று.

ஆயினும் யாவற்றினும் மேலாக நினைவில் வைக்கத்தக்கது என்ரோன் கம்பனியின் வீழ்ச்சியே. டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் விளங்கிய அக்கம்பனியின் பங்கு, 2000 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏறக்குறைய 90 டொலர் விலை போயிற்று. ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பில் நூற்றுக்கு அறுபது வீதமளவு அக்கம்பனிப் பங்காகவே இருந்தது. கம்பனி தன் பங்களிப்பைப் பணமாகச் செலுத்தாது பங்காகவே செலுத்தியது. ஐம்பது வயது நிரம்புமுன் அதனை விற்க விதி இடங்கொடுக்கவில்லை. தலைவர்களின் பேச்சை நம்பித் தம் சொந்தச் சேமிப்பையும் அதிலேயே இட்டவர் பலர். 2001 டிசம்பர் 2 ஆம் திகதி அக்கம்பனி முறிந்தது. பங்கின் விலை ஒரு டொலருக்கும் கீழே வீழ்ந்தது. வேலையும் சேமிப்பும் ஒருங்கே போயின. உயர்ந்த பதவியிலிருந்த சிலரோ முன்னரே விற்றுக் கோடிக்கணக்கிற் பெற்றிருந்தனர். ஊழியருக்கு ஒரு விதியும் தலைவருக்கு ஒரு விதியும் இருந்ததே இங்கு நேர்ந்த அநீதி. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, இத்தகைய சேமிப்பிலுள்ள கம்பனிப் பங்கை மூன்றாண்டு சேவையின் பின் வேறு முதலீடாக மாற்றிக்கொள்ள உரிமை அளித்தது.

இது தூரதேசத்துக் கதையென்று இந்நாட்டவர் ஒதுக்கிவிட இயலாது. 1990 களில் அரச நிறுவனங்கள் பல இங்கு தனியார் கைக்கு மாறியபோது, அவற்றின் பங்குகளில் நூற்றுக்குப் பத்து வீதத்தை ஊழியருக்கு இலவசமாக வழங்குவது அரசின் கொள்கையாக இருந்தது. பெருந்தோட்டக் கம்பனிகளும் அவற்றுள் அடங்கும். கொழுந்து பறித்த கைகளுக்குப் பங்கு வந்தது பெரிய காரியமே. ஆனால் அப்பத்திரத்தின் பொருளை விளக்காவிட்டால் அது பெட்டியடியிற் கிடக்கும் ஒரு தாளே ஆகும்.

ஆகவே பங்குத் திட்டம் வகுப்போர் சிலவற்றைக் கைக்கொள்ளல் நன்று. எத்தனை பங்கு, எவருக்கு, எவ்விலைக்கு என்பவற்றைப் பங்குடையவரின் அங்கீகாரத்தோடு முன்னரே வரையறுத்தல் வேண்டும். உரிமை வழங்கும் நாளையும் விலையையும் பயன்பெறுவோரே தீர்மானித்தலாகாது. சார்பற்ற பணிப்பாளர் குழுவே தீர்மானித்து அன்றே பதிந்துகொள்ளல் வேண்டும். வேலை நீங்குதல், நோய், மரணம் ஆகியவற்றில் உரிமை யாதாகும் என்பதை ஐயமின்றி எழுதுதல் வேண்டும். இறந்த ஊழியனின் மனைவி அலுவலகப் படிகளில் ஏறியிறங்கித் திரிய நேர்தல் ஆகாது. தலைவருக்கு விற்க அனுமதியுள்ள நாளில் ஊழியருக்குத் தடை இருத்தலும் ஆகாது. இவை அனைத்தும் ஊழியன் வாசிக்கும் மொழியில் எழுதப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

பெறுபவனும் ஒன்றை நினைத்தல் வேண்டும். பங்கு சம்பளத்துக்கு மேலதிகமாக இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஈடாக அதனைக் கொள்ளலாகாது. அன்றாட உணவைத் தரும் கம்பனியிலேயே முதுமையின் சேமிப்பையும் முழுவதும் இடுபவன், வீட்டையும் நெற்கூடையும் ஒரே ஓலைக் கூரையின் கீழ் வைத்தவனாவான். நெருப்புப் பற்றினால் இரண்டும் ஒருங்கே போகும். முதிர்ந்த பங்கில் ஒரு பகுதியைக் காலத்தில் விற்று வேறிடத்தில் இடுதல் நன்றிகேடன்று. விதைநெல்லைத் தனியே எடுத்துவைக்கும் உழவனின் விவேகமே அது.