வயிறு வலிக்குது என்று சொல்லும் பிள்ளையை நம்புவோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு ஒரு பிள்ளையின் வயிற்று நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்கு முதலில் எங்கள் தவறைச் சொல்லியாக வேண்டும்.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு மாதத் தவணையும் நின்றுபோனது. "எப்பப் பார்த்தாலும் ஆஸ்பத்திரின்னு சாக்கு. புள்ளைக்கு வயித்து வலியாம். எந்தப் புள்ளைக்குத்தான் வயித்து வலி வராது?" என்று உறுப்பினர்கள் பேசினார்கள். அபராதம் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதினார்கள். அன்றைக்கு நாங்களும் அங்கே இருந்தோம். ஒரு கேள்வி கேட்காமல் தலையாட்டினோம்.

அதைச் சொல்ல வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தோம். 12 வயதுப் பெண். பார்த்தால் எட்டு வயது என்றுதான் சொல்வீர்கள். முகம் வெளுத்து, கைகால் குச்சியாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் நாலு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். "ராத்திரியிலயும் எந்திரிச்சுப் போறா. ரத்தமும் சளியுமா போகுது. ரெண்டு வருசமா இப்படித்தான்" என்றார் அந்த அக்கா.

அவர் சும்மா இருக்கவில்லை. குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டுத் தட்டினார்கள். தொக்கம் எடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதும் நிறைய. ஒவ்வொன்றுக்கும் நாலு நாள் தேவலை, அப்புறம் பழையபடி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாங்களும் கூடப் போனோம். ரத்தம், மலம் பரிசோதித்தார்கள். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். இதற்குக் கொலனோஸ்கோப்பி என்று பெயர். முதலில் குடல் காசநோய் என்று சந்தேகப்பட்டுச் சில மாதம் அதற்கு மருந்து கொடுத்தார்கள். மறுபடி பார்த்தபோது புண் ஆறவில்லை. பிறகுதான் கிரோன் நோய் என்று முடிவானது. "டாக்டருக்கே தெரியல" என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அப்படி இல்லை. குடல் காசநோயும் இந்த நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் பிரித்தறிய நாள் பிடிக்கத்தான் செய்யும்.

இது என்ன நோய்?

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தவறிப்போய் நம் குடலையே தாக்குகிறது. அதனால் குடல் வீங்கிப் புண்ணாகிறது. இதில் முக்கியமாக இரண்டு வகை. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது கிரோன் நோய். 1932-இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர்களில் ஒருவரின் பெயர் அது. பெருங்குடலில் மட்டும் வருவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்.

இது ஒட்டுவாரொட்டி நோய் கிடையாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது. தாய் சமைத்த சாப்பாட்டாலோ, யார் கண் பட்டோ வந்ததும் இல்லை. முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்து பிள்ளையும் பெறலாம்.

எப்போது பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சாதாரண வயிற்றுப்போக்கும் சீதபேதியும் சில நாளில் அடங்கிவிடும். வயிற்றுப்போக்கு நாலு வாரம் தாண்டினால், மலத்தில் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், தூக்கத்தில் எழுந்து போக வேண்டியிருந்தால், எடை குறைந்தால், உயரம் கூடாமல் நின்றுபோனால் தாமதிக்காதீர்கள். வாய்ப்புண், மூட்டு வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, ஆசனவாயைச் சுற்றிப் புண், வயசுக்கு வருவது தள்ளிப்போவது ஆகியவையும் கூட இருக்கலாம். வயிறு வலிக்காமல், வளர்ச்சி மட்டும் நின்றுபோகும் பிள்ளைகளும் உண்டு.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

இந்தப் பிள்ளைக்கு மருந்து ஆரம்பித்து மூன்று மாதத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. எடை கூடியது. "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு இன்னும் மாத்திரை? பொம்பளப் புள்ள ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுறான்னு ஊருக்குத் தெரிஞ்சா யார் கட்டுவாங்க?" என்று அவள் அப்பா நிறுத்திவிட்டார். இரண்டே மாதத்தில் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பி, பதினோரு நாள் வார்டில் கிடந்தாள்.

சகோதரிகளே, நல்லா இருப்பதே மாத்திரையால்தான். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சில மருந்துகளுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும். கடையில் கேட்டு வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. சில வலி மாத்திரைகள் குடல் புண்ணை அதிகமாக்கும். தடுப்பூசி போடும் முன் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சியில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். வளரும் பிள்ளை இன்னும் மெலிந்துபோகும். நோய் கிளம்பியிருக்கும் நாளில் குழைந்த சோறு, இட்லி, காரமில்லாத பருப்பு கொடுக்கலாம். அடங்கியிருக்கும்போது முட்டை, மீன், பருப்பு, காய் எல்லாம் கொடுக்கலாம். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் மருத்துவரிடம் கேட்டு விலக்குங்கள்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது

மறுபடி பள்ளிக்கூடம் போனவள் மறுபடியும் மெலிந்தாள். மாத்திரை சாப்பிடுகிறாள், பிறகு ஏன்? ஒருநாள் தனியாகக் கூட்டிக் கேட்டோம். "காலையில சாப்பிடாமப் போனா அங்க போக வேண்டி வராதுல்ல" என்றாள். கழிப்பறை பூட்டிக் கிடக்குமாம். சாவி கேட்டுத் திறப்பதற்குள் ஒருநாள் பாவாடையிலேயே போய்விட்டதாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து மதியச் சோறையும் தொடவில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. நோயைவிட அந்த வெட்கம்தான் அவளைப் பட்டினி போட்டது.

இந்த இடத்தில்தான் குழு எழுந்து நின்றது. அபராதம் போட்ட அதே உறுப்பினர்கள் அதை ரத்து செய்தார்கள். தவணையைத் தள்ளி வைத்து, பஸ் செலவுக்கு 3,000 ரூபாய் உள்கடன் கொடுத்தார்கள். அவளுக்கு எழுதிய மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே கிடைத்தது. ஆனால் பஸ் காசும் போன நாள் கூலியும்தான் அந்தக் குடும்பத்தை அழுத்தியது. ஐந்து பேர் மருத்துவச் சீட்டோடு போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்கள். கழிப்பறை இப்போது பள்ளி நேரம் முழுக்கத் திறந்திருக்கிறது. அவள் கேட்காமலே எழுந்து போகலாம். பையில் ஒரு மாற்றுத் துணி இருக்கிறது. பூட்டைத் திறந்ததில் மற்ற பிள்ளைகளுக்கும் நன்மை.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். போன மாதம்கூடப் பத்து நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஆனால் இப்போது மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவள் அப்பாதான். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. ஒரு உறுப்பினர் கூட்டத்துக்கு வராவிட்டால், அபராதம் எழுதும் முன் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். நெடுநாள் நோயுள்ள பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கழிப்பறை பகலில் திறந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பிள்ளை வயிறு வலிக்குது என்று திரும்பத் திரும்பச் சொன்னால், பள்ளிக்குப் போகாமலிருக்கப் பொய் சொல்லுது என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் முதலில் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.