மடக்குக் கத்தியின் கறை

இலங்கையின் மலையகத் தோட்டக் குடும்பங்களில் தலைமுறை தாண்டி வந்து சேரும் பொருள்கள் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை பித்தளைக் குடம், குத்துவிளக்கு என வீட்டையும் சடங்கையும் சார்ந்தவை என்பதால், உழைத்த கையோடு நேரே தொடர்புடைய மடக்குக் கத்தி தனிக் கவனத்துக்கு உரியதாகிறது. தலவாக்கலையைச் சுற்றியுள்ள லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் துருவேறிக் கிடக்கும் அத்தகைய கத்தியைச் செப்பனிடும் கலையின் முதற்பாதி, அது எது, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று அறிவதே ஆகும். அந்த அறிதலுக்கு முன்னர் உப்புத்தாளைக் கையில் எடுப்பது, படிக்காத கடிதத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

அறிதல் அலகின் வடிவிலிருந்து தொடங்க வேண்டும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்தும் பணியாகிய கவ்வாத்துக்கு உரிய கத்தி நீண்டு வளைந்தது, மடங்காதது; ஆகவே மடக்குக் கத்தி வேறு வேலைக்கு வந்தது என்பது தெளிவு. கிளிமூக்குப் போல வளைந்த அலகு கொண்டது தோட்டக்காரரின் கிளை வெட்டும் கத்தியாகும். நேரான சிற்றலகும், கைப்பிடியின் மறுமுனையில் எலும்பாலான தட்டைத் துடுப்பும் உடையது, பங்களாத் தோட்டத்து ரோஜாவின் பட்டையை நெகிழ்த்தி மொட்டு ஒட்டுவதற்கு உரியது. மிகச் சிறியது பேனாக்கத்தி எனப்படும். பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தின் பெயர் அது, ‘பேனா’ என்பதே இறகைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லாகும்.

தலவாக்கலைக்கு இத்தகைய சிறு கத்தியோடு தனித் தொடர்பு ஒன்று உண்டு. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் இங்குள்ள செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், விதைக்குப் பதிலாகத் தாய்ச்செடியின் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட தண்டுத் துண்டிலிருந்து கன்று வளர்க்கும் முறையை வளர்த்தெடுத்தது. தோட்டங்களில் ‘வி.பி. தேயிலை’ எனப்படுவது அதன் பயனே. அத்துண்டை நசுக்காமல் ஒரே இழுப்பில் அறுக்கவேண்டும், நசுங்கிய வெட்டு அழுகும் என்பதால், தவறணை எனப்படும் நாற்றுமேடையில் வேலை செய்தவருக்குக் கூர்மை என்பது அழகுக்கான பண்பாக இருக்கவில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது அலகின் அடிப்பகுதி, அதாவது ஆணியால் கைப்பிடிக்குள் பூட்டப்பட்ட கூர் தீட்டாத பகுதி. உற்பத்தியாளர் முத்திரை அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் சேர்ந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ரோட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறி. ‘ஐ எக்ஸ் எல்’ என்பது அதே நகரத்து ஜோர்ஜ் வோஸ்டன்ஹோமுடையது. முடியுடன் ‘வி ஆர்’ என்றிருந்தால் விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தைக் கருதலாம். ‘ஜி ஆர்’ என்பதோ பல ஜோர்ஜ் மன்னர்களுக்கும் பொருந்துவதால் தனியே எதையும் நிறுவாது. ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத உருக்கை ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல் ஆதலால், அவ்வகை அலகுடைய கத்தி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. புகழ்பெற்ற பெயர்கள் போலியாகவும் குத்தப்பட்டன, அதைத் தடுக்கவே 1887இல் பிரித்தானியாவில் வணிகக்குறிச் சட்டம் வந்தது என்பதையும் நினைவில் கொண்டால், முத்திரை ஒன்றை மட்டுமே நம்பித் தீர்ப்புச் சொல்வது தவறாகும்.

கைப்பிடி மரைக்கொம்பா, மாட்டெலும்பா, கருங்காலியா, செலுலாயிட் எனும் பழைய பிளாஸ்டிக்கா என்பது செப்பனிடும் முறையையே மாற்றும். கொம்பும் எலும்பும் நீரில் ஊறினால் வெடிக்கும். செலுலாயிட் எளிதில் தீப்பற்றும், சிதையும்போது வெளிவிடும் ஆவி அருகிலுள்ள உருக்கை அரிக்கும், ஆகவே அத்தகைய கத்தியைப் பிறவற்றோடு வைக்கலாகாது.

செப்பனிடுவதில் பெரும்பாலோர் பிழை செய்வது கறையின் விடயத்தில்தான். செந்நிறத் துரு இரும்பைத் தின்று ஆழமாகச் செல்வது, அது நீக்கப்பட வேண்டியது. ஆனால் பழைய உருக்கின்மீது படர்ந்திருக்கும் நீலங்கலந்த கருமை வேறு: தேயிலைச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் அந்த நிறம், பச்சைத் தண்டை அறுக்கும் அத்தகைய உருக்குக் கத்திகளில் ஏறுவது, ஓரளவு துருவைத் தடுப்பதும்கூட. அதைப் பளபளக்கத் தேய்த்து எடுப்பவர் அழுக்கை அல்ல, வேலையின் பதிவையே அழிக்கிறார். மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் அலகையும் மூட்டையும் மட்டும் நனைய வைத்து, மூங்கில் சிம்பால் உள்ளழுக்கைக் கிளறி, இளகிய செந்துருவை மிக மெல்லிய உருக்குப் பஞ்சால் எண்ணெயோடு வருடி எடுத்தால் பெரும்பாலும் போதும். முத்திரையின்மீது பஞ்சு படவே கூடாது. மூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி ஏற்றது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து முதுகுவில்லை இறுக்கிவிடும். முதுகுவில் என்பது அலகைத் திறந்த நிலையிலும் மடிந்த நிலையிலும் பிடித்து நிறுத்தும் உருக்குப் பட்டை. அது ‘டக்’ என்ற ஒலியோடு அலகை ஏற்கும் வரையில் ஆணியைக் கழற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கூர் தீட்ட மின்சாணைச் சக்கரத்தை நாடுவது மீளாத சேதமாகும், ஏனெனில் விளிம்பு நீலம் பாயுமளவு சூடேறினால் உருக்கின் பதம் இறங்கி, பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. ஈரத் தீட்டுக்கல்லில் பொறுமையாக இழுப்பதே முறை. பல்லாண்டு தீட்டலால் அலகு ஒடுங்கியிருந்தால் அதைக் குறையாகக் கொள்ளாமல் அவ்வாறே விடுதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் பிறப்புக்கும் வம்சத்துக்கும் காகிதச் சான்று கேட்டது. அவர்களுள் மிகப் பலரிடம் அத்தகைய காகிதம் இருக்கவில்லை. கைப்பட்டுத் தேய்ந்த கைப்பிடிக்கும் தேயிலைச்சாறு ஏறிய அலகுக்கும் உழைப்பின் சான்றாக அக்குடும்பங்களில் தனி மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எனவே செப்பனிட்டு முடித்த கத்தியை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தோலுறையில் இடாமல், எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, அதை வைத்திருந்தவரின் பெயர், தோட்டம், பிரிவு, அவர் பார்த்த வேலை ஆகியவற்றை முதியவர்களிடம் கேட்டெழுதிய தாளொன்றையும் அதே பெட்டியில் வைத்து, தலவாக்கலையின் மழைமாதங்களில் மாதம் ஒருமுறை திறந்து துடைத்து எண்ணெயிட வேண்டும்.