தூளியும் தூங்கூர்தியும்

(கள்ளக்குறிச்சிப் பொழிவு)



கள்ளக்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரிலேயே மலை மணக்கின்றது. குறிஞ்சி நிலத்து ஊரைக் ‘குறிச்சி’ என்றே பழந்தமிழர் வழங்கினர். கல்வராயன் மலையடியில் வாழ்வோர், பழனியில் நடப்பதைப் பார்த்து, தம் மலைக்கு நாளை வரக்கூடியதை இன்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நடுவண் அரசு 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், மலைகளுக்குக் கம்பிவடப் பாதை அமைக்கும் திட்டமொன்றை அறிவித்தது. அதன் பெயர் ‘பர்வத்மாலா’. மலைத்தொடர் என்று தமிழில் எழுதினால் வடம் அறுந்துவிடுமோ! பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலாச் செல்வோரை ஏற்றிச் செல்ல, ஏறத்தாழ 12 கி.மீ. நீளப் பாதை அத்திட்டத்தின்கீழ் முன்மொழியப் பெற்றுள்ளது.

பழனிமலைக்கு 1966இல் இழுவை வண்டியும் 2004இல் கம்பிவட ஊர்தியும் வந்தன. சோளிங்கரில் 1305 படிகள் ஏற மாட்டாதார்க்கு 2024இல் வந்தது. முதியோரும் கால் இயலாதோரும் மலையேறுவதை யார் வெறுப்பர்? எழுத்தில் ‘கம்பிவட ஊர்தி’ இருப்பினும் வாயில் ‘ரோப்கார்’ நிலைத்துவிட்டதுதான் குறை. தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல் என்பது பழம்பொருள். சோழன் ஒருவனுக்குத் ‘தூங்கெயில் எறிந்தவன்’ என்னும் புகழ் அப்பொருளிலேயே அமைந்தது. தூங்கூர்தி என்றால் நாவுக்கும் எளிது.

இனிக் கல்வராயன் மலையைப் பார்ப்போம். அங்குள்ள மலையாளிகள் சேரநாட்டிலிருந்து வந்தவரல்லர். மலைவாழ் ஆள் என்னும் பொருளில் அப்பெயர் பெற்று, வீட்டிலும் தமிழே பேசுவோர். மூன்று சாகிர்தார்களின் கீழ் வெட்டிவேலை செய்து நைந்த அவர்கள், 1976இல் அரசு மலையை ஏற்ற பின்னரே அந்நுகத்தினின்று விடுபட்டனர். 2024இல் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பின், அம்மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்முறைமன்றம் தானே முன்வந்து உசாவத் தொடங்கியது. அரைநூற்றாண்டாக அரசின் கையிலிருந்த மலைக்கு இந்நிலை!

சாலை எட்டாத மலைச்சிற்றூர்களில், பேற்றுநோவு கண்ட பெண்ணையும் நோயாளரையும் கழியில் துணி கட்டித் தோளில் சுமந்து இறக்குகின்றனர். நாளிதழ்கள் அதனை ‘டோலி’ என்கின்றன. தூளி என்னும் வீட்டுச்சொல் இருக்க, அந்தத் துயருக்கும் இரவற்பெயரா? குழந்தையைக் கிடத்தும் அதே தூளியில்தான் தாயும் உயிருக்குப் போராடிக்கொண்டு வருகின்றாள்.

கொலம்பியா நாட்டு மெதெயின் நகரில் 2004இல் ஓடத் தொடங்கிய தூங்கூர்தி, மலைச்சரிவில் குடியிருந்த ஏழையர் வேலைக்கு இறங்கவும் வீடு திரும்பவும் அமைந்தது. வடமும் உருளையும் எங்கும் ஒன்றே, ஏறுவோர்தாம் வேறு. கல்வராயன் மலைக்கும் அத்தகைய பேச்சு எழுமாயின், 2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் மதித்த தம் ஊரவையில் மலைமக்கள் கேட்டாக வேண்டும்: இவ்வடத்தால் எந்தச் சிற்றூரின் தூளி அவிழும்? நிலையப் பலகையில் எந்த மொழி நிற்கும்? காட்சி காண வருவோர்க்குக் கம்பி கட்டுமுன், மருத்துவமனைக்குச் செல்லும் சாலை எந்த ஆண்டில் வரும்?